ஜார்ஜ்டவுன் சுவரோவியங்களைப் பார்க்க வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜார்ஜ்டவுன் மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கிறது. நான் பினாங்கில் பிறந்து இங்கேயே இருக்கிறேன். பள்ளி விடுமுறை வந்தால் போதும், ஈப்போவிலிருந்து, கிள்ளானிலிருந்து, சுங்கை பட்டாணியிலிருந்து, சில சமயம் மதுரையிலிருந்துகூடச் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். எல்லாரும் முதலில் கேட்பது ஆர்மேனியன் தெருச் சுவரில் இருக்கும் அந்தச் சைக்கிள் படத்தைத்தான். பத்து வருஷத்துக்கு மேலாக இவர்களை அழைத்துக்கொண்டு அந்தத் தெருக்களில் நடக்கிறேன். ஒரே கேள்விகளுக்கு வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

இதைப் பார்க்க டிக்கெட் எவ்வளவு, அக்கா?

டிக்கெட்டே கிடையாது. எல்லாம் தெருவில், சந்தில், அஞ்சடியில் (கடைகளின் முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதை), கீழே கடையும் மேலே வீடுமான கடைவீட்டின் பக்கச் சுவரில் இருக்கிறது. இரவு பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றாலும் யாரும் காசு கேட்க மாட்டார்கள். ஊருக்குள் கட்டணம் வாங்கும் முப்பரிமாண ஓவியக் கூடங்கள் சில உண்டு, அவை வேறு. வாசலில் டிக்கெட் விற்கிறார்கள் என்றால் நீங்கள் தேடி வந்த இடம் அது இல்லை.

யார் வரைந்தார்கள், அரசாங்கமா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் எல்லாவற்றையும் ஒரே ஆள் வரைந்தார் என்று நினைக்கிறார்கள். 2008 ஜூலை 7 அன்று ஜார்ஜ்டவுன், மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு அடுத்த வருஷம் மாநில அரசு ஒரு போட்டி வைத்தது: இந்தத் தெருக்களின் கதையை எப்படிக் காட்டலாம், யோசனை சொல்லுங்கள் என்று. கோலாலம்பூரைச் சேர்ந்த ஸ்கல்ப்ச்சர் அட் வொர்க் என்ற குழு ஜெயித்தது. இரும்புக் கம்பியை வளைத்து, பற்றவைத்து, சுவரில் கேலிச்சித்திரம் வரைந்தது போலச் செய்தார்கள். அப்படி 52 சிற்பங்கள். முதலில் வந்தவை இவைதான்.

2012-ல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக லித்துவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸக்காரெவிச் என்ற இளைஞர் சுவர்களில் வரைந்தார். சைக்கிள் பிள்ளைகள், மோட்டார் சைக்கிள் பையன், நாற்காலிமேல் எக்கி நிற்கும் பையன், நீலச் சட்டைச் சிறுமி, எல்லாம் அவர் கைவண்ணம். இவைதான் உலகம் முழுக்கப் பரவின. 2013-ல் தெருப்பூனைகளுக்காகச் சில ஓவியர்கள் சேர்ந்து வரைந்தார்கள். அதற்கப்புறம் ரஷ்யாவைச் சேர்ந்த ஜூலியா வோல்ச்கோவா பெரிய பெரிய முகங்களைச் சுவரில் கொண்டுவந்தார். இவை போக, கடைக்காரர்கள் தாங்களாக வரைவித்துக்கொண்ட படங்களும் ஊர் முழுக்க இருக்கின்றன. அவற்றில் சில நன்றாக இருக்கும், பல வெறும் விளம்பரம்.

எங்கே ஆரம்பித்து எப்படி நடப்பது?

நான் எப்போதும் ஜெட்டியிலிருந்துதான், அதாவது படகுத்துறையிலிருந்துதான், ஆரம்பிப்பேன். எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் வரை ரயிலில் வந்து, பெரி என்ற பயணிகள் படகில் ஏறி இந்தப் பக்கம் இறங்குங்கள். கடலிலிருந்து இந்த ஊரைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்வது தனிச் சுகம், பாலத்தில் காரில் வந்தால் அது கிடைக்காது. இறங்கியதும் எதிரே காட் லெபு சூலியா (லெபு என்றால் மலாயில் தெரு). அந்தப் பக்கத்துச் சிறு சந்து ஒன்றில் லூயிஸ் கான் வரைந்த ஊஞ்சல் அண்ணன் தங்கை இருக்கிறார்கள். ஊஞ்சல் பலகை நிஜம், பிள்ளைகள் படம். அங்கிருந்து லெபு பந்தாயைக் கடந்து ஆர்மேனியன் தெரு. சைக்கிள் பிள்ளைகள் அங்கே. பக்கத்தில் சூ ஹோங் சந்து, அப்புறம் கேனன் தெரு, ஒரு தெரு தள்ளி ஆ குவீ தெரு. இதுவரை எல்லாரும் வருவார்கள். வந்து, படம் பிடித்து, செண்டோல் குடிக்கப் போய்விடுவார்கள்.

நான் சொல்வது, அங்கிருந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவைப் பிடித்து வடக்கே நடங்கள். பள்ளிவாசலைத் தாண்டினால் சூலியா தெரு, வலது பக்கம் திரும்பினால் நம் கடைத்தெரு, லிட்டில் இந்தியா என்கிறார்களே அதுதான். அங்கே ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு, பிறகு மேற்கே லவ் லேன், முந்திரி தெரு. எல்லாம் சேர்த்தால் மூன்று நான்கு கிலோமீட்டர்தான்.

லெபு பந்தாயில் வைட்டவேஸ் ஆர்கேட் என்ற பழைய கட்டடத்தில் சுற்றுலா அலுவலகம் இருக்கிறது. அங்கே வரைபடம் இலவசம். கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் கையில் ஒரு தாள் இருந்தால் தலையை நிமிர்த்திக்கொண்டு நடப்பீர்கள்.

எத்தனை மணிக்குப் போகலாம்?

காலை எட்டு மணிக்கு. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பதினொரு மணி வெயிலில் அந்தத் தெருக்களில் நடப்பது தண்டனை. அஞ்சடி நிழலில் ஒதுங்கி நடக்கலாம்தான், ஆனால் பல அஞ்சடிகளில் மோட்டார் சைக்கிளும் கடைச் சாமானும் நிற்கும், இறங்கி ஏறி இறங்கி ஏறிப் போக வேண்டியிருக்கும். காலையில் இன்னொரு லாபம், கடைகள் இன்னும் திறக்காததால் அடைத்த மரக்கதவுகளையும், கதவுக்கு மேல் இருக்கும் சீன எழுத்துப் பலகைகளையும், தமிழ்ப் பெயர்ப் பலகைகளையும் நிதானமாகப் பார்க்கலாம். மாலை ஐந்துக்கு மேல் வந்தாலும் சரி. செப்டம்பர், அக்டோபரில் வந்தால் குடை கட்டாயம்.

சைக்கிள் படத்துக்கு வரிசையில் நிற்க வேண்டுமாமே?

ஆமாம். விடுமுறை நாளில் பத்து மணிக்கு வந்தால் அரை மணி நேரம்கூட நிற்க வேண்டியிருக்கும். முன்னால் நிற்கிறவர்கள் ஆளுக்குப் பத்துப் படம் எடுப்பார்கள். எட்டு மணிக்குப் போனால் நீங்களும் அந்தச் சுவரும்தான்.

படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முன்னால் அக்கா, பின்னால் தம்பி. அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு தம்பி சிரிக்கிறான். சைக்கிள் நிஜமான பழைய சைக்கிள். இந்தத் தெருவில் பிள்ளைகள் இப்படித்தான் சைக்கிள் விட்டார்கள், நானும் தம்பியைப் பின்னால் வைத்துக்கொண்டு விட்டிருக்கிறேன். படத்தைவிட அந்தச் சுவரையும் கவனியுங்கள், காரை உதிர்ந்து, நிறம் மாறி, அப்படியே விட்டிருக்கிறார். புதிதாக வெள்ளையடித்துவிட்டு அதன்மேல் வரைந்திருந்தால் இது இத்தனை பேர் மனத்தில் நின்றிருக்காது. சுவரின் வயசும் படத்தில் ஒரு பாகம்.

பிள்ளையை அந்த மோட்டார் சைக்கிள்மேல் உட்கார வைத்துப் படம் எடுக்கலாமா?

வேண்டாம். பக்கத்தில் நிறுத்தி எடுங்கள். ஆ குவீ தெருவில் இருப்பது நிஜமான பழைய மோட்டார் சைக்கிள், அதன்மேல் ஒரு பையன் திரும்பிப் பார்ப்பது போல வரைந்திருக்கிறது. ஏறி ஏறி அந்த வண்டி தேய்ந்துபோய்விட்டது. போன வருஷம் என் கண் முன்னால் ஒரு பெரிய மனிதர், பிள்ளை அல்ல, முழு உடம்போடு ஏறி உட்கார்ந்தார். "ஐயா, இறங்குங்க" என்றேன், முறைத்தார். அவர் முறைத்தால் முறைக்கட்டும், நீங்களும் யாராவது ஏறுவதைப் பார்த்தால் சொல்லுங்கள். நாற்காலிப் பையனும் அப்படித்தான், கேனன் தெருவில் நிஜ நாற்காலிமேல் நின்று சுவரில் உள்ள ஓட்டைக்குள் கைவிட எக்குகிறான். அந்த நாற்காலி உங்களுக்கு இல்லை, அவனுக்கு.

ஊஞ்சலில் மட்டும் உட்காரலாம், அதற்காகத்தான் தொங்கவிட்டிருக்கிறார்கள். மெதுவாக.

முன்பு வந்தபோது பார்த்த படம் இப்போது மங்கிவிட்டதே, ஏன் யாரும் திரும்ப வரையவில்லை?

மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், எனக்கும் அப்படித்தான். கடல்மேல் மரவீடுகள் இருக்கும் சியூ ஜெட்டியின் சுவரில் படகில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், கடல்காற்றில் கரைந்தே போனார்கள். சில படங்களுக்கு மறுபடி வண்ணம் தீட்டினார்கள், எல்லாவற்றுக்கும் முடியாது.

காரணம் சுவரிலேயே இருக்கிறது. இந்தக் கடைவீடுகளின் சுவர் செங்கல், மேலே சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும், அதனால்தான் நூறு வருஷத்துக்கு மேல் நிற்கிறது. அதன்மேல் இந்தக் காலத்து பிளாஸ்டிக் பெயிண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், கூடவே உப்பும். உப்பு பூத்து, பெயிண்டைத் தள்ளி, தோல் உரிவதுபோல உரியும். வெயில், மழை, நம் விரல்கள், இவை எல்லாம் அதற்கு மேல். படத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் சுவரை மூட வேண்டும், சுவரைக் காப்பாற்ற வேண்டுமானால் படத்தைப் போகவிட வேண்டும். நான் சுவர் பக்கம்தான். படம் போனால் இன்னொருவர் வரைவார், கடைவீடு இடிந்தால் யாராலும் திரும்பக் கட்ட முடியாது.

அந்தக் கம்பிச் சிற்பங்களை எதற்குப் பார்ப்பது? வெறும் கேலிப்படம்தானே?

இப்படிக் கேட்காதவர்களே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது இவைதான், ஏனென்றால் ஒவ்வொன்றும் நிற்கிற தெருவைப் பற்றியே பேசுகிறது. வேறு தெருவுக்கு எடுத்துப்போய் மாட்டினால் அர்த்தம் போய்விடும்.

கேனன் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். 1867 ஆகஸ்டில் இங்கே பத்து நாள் கலவரம் நடந்தது. கீ ஹின், கியான் தேக் என்ற இரண்டு சீன ரகசியச் சங்கங்கள் மோதிக்கொண்டன. வெறும் சீனர் சண்டை என்று நினைக்காதீர்கள்: கீ ஹின்னோடு வெள்ளைக்கொடிச் சங்கம், கியான் தேக்கோடு சிவப்புக்கொடிச் சங்கம், இந்தக் கொடிச் சங்கங்களில் இருந்தவர்கள் மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும். அப்போது பீரங்கிக் குண்டு விழுந்த குழியால்தான் தெருவுக்கு இந்தப் பெயர் என்று அந்தக் கம்பிச் சிற்பம் சொல்கிறது. அதைத் தாண்டித்தான் நாற்காலிப் பையனைப் பார்க்க ஓடுகிறார்கள்.

சூ ஹோங் சந்தில் ரிக்‌ஷா ஒன்று நுழைய முடியாமல் திணறுகிறது, சந்து அவ்வளவு குறுகல். ஸ்டூவர்ட் லேனில் ஊரிலேயே ஒடுக்கமான அஞ்சடி. லீத் தெருவும் முந்திரி தெருவும் சேரும் இடத்தில் செருப்புத் தைக்கிற ஒருவர், உலகப் புகழ்பெற்ற காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ தொழில் கற்றுக்கொண்ட இடம் அது. லவ் லேனில் ஒரு ஆள் ஜன்னல் வழியாக இறங்கி ஓடப் பார்க்கிறார், பணக்காரர்கள் அங்கே சின்னவீடு வைத்திருந்ததால் தெருவுக்கு அந்தப் பெயர் என்கிறார்கள். (பிள்ளைகள் விளக்கம் கேட்டால் அது உங்கள் பொறுப்பு.) கான்டனீஸ் ஆயாக்களைப் பற்றியும் ஒன்று உண்டு, கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒரு வீட்டின் எல்லா வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்த பெண்கள். அதன் முன்னால் நான் எப்போதும் கொஞ்ச நேரம் நிற்பேன்.

எழுத்து பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். உடன் வந்திருக்கும் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ நீங்களே தமிழில் சொல்லுங்கள், அப்படிச் சொல்லும்போது அவர்கள் பதிலுக்கு இன்னொரு கதை சொல்வார்கள். என் அனுபவத்தில் இது தவறியதே இல்லை.

பூனைப் படங்கள் எங்கே?

ஆர்மேனியன் தெரு, ஆ குவீ தெரு சுற்றுவட்டாரத்தில். 2013 ஜார்ஜ்டவுன் விழாவின்போது, தெருவில் திரியும் பிராணிகளுக்காக ஓவியர்கள் சேர்ந்து 101 தொலைந்த பூனைக்குட்டிகள் என்ற பெயரில் வரைந்தார்கள். சுவர் உயரத்துக்கு ஒரு ராட்சசப் பூனை இருக்கும், பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள். பூனையை விலைக்கு வாங்காமல் தெருவிலிருந்து எடுத்து வளர்க்கச் சொல்வதே நோக்கம். என் வீட்டில் இருப்பவை இரண்டும் அப்படி வந்தவைதான்.

நம்ம ஆட்கள் யாராவது சுவரில் இருக்கிறார்களா, அத்தை?

கிள்ளானிலிருந்து வந்த என் அண்ணன் மகள், பதினான்கு வயசு, ஆர்மேனியன் தெருவில் நின்று இதைக் கேட்டாள். அன்றைக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. அதற்கப்புறம்தான் இந்த நடையையே மாற்றிக்கொண்டேன்.

இருக்கிறார்கள். வோல்ச்கோவா வரைந்த படங்களில் ஒன்று இந்தியப் படகோட்டி. தலைப்பாகையும் சுருக்கம் விழுந்த முகமுமாக ஒரு பெரியவர், சுவர் முழுக்க. ஆர்மேனியன் தெருக் கூட்டத்துக்குள் அது வராது, வரைபடத்தில் தேடிப் பிடிக்க வேண்டும். தேடுங்கள். என் தாத்தா துறைமுகத்தில் தோணியில் மூட்டை இறக்கியவர். கப்பல் நடுக்கடலில் நிற்கும், சாமானைத் தோணியில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவது தமிழர்கள். சூலியா தெருவுக்கும் கடைத்தெருவுக்கும் நடுவே கிங் தெருவின் ஒரு பகுதியைப் படகுக்காரத் தெரு என்றே நம் ஆட்கள் அழைத்தார்கள். அந்தப் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை, பெரியவர்கள் வாயில் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் படகோட்டியின் முன்னால் முதல் தடவை நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரு ரஷ்யப் பெண் வந்து வரைந்திருக்கிறாரே, நாம் ஏன் வரையவில்லை என்ற எண்ணமும் கூடவே வந்தது, மறைக்கவில்லை.

அதனால் சொல்கிறேன், கடைத்தெருவுக்கு நடந்து வாருங்கள், சுவரில் படம் குறைவாக இருந்தாலும் தெருவே படம்தான். சூலியா என்பதே தென்னிந்திய முஸ்லிம்களுக்கு இருந்த பெயர். அந்தத் தெருவில் நாகூர் தர்கா இருக்கிறது, நாகூர் ஆண்டவர் நினைவாகக் கட்டியது, நடந்து போகிறவர்கள் கவனிக்காமலே தாண்டிவிடுவார்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-ல் தொடங்கியது, தமிழ் முஸ்லிம்களின் தலைவரான காதர் மைதீன் காலத்தில். குயின் தெருவில் மகா மாரியம்மன் கோவில், இப்போதிருக்கும் கட்டடம் 1833-ல் எழுந்தது. கோபுரத்தில் அத்தனை சிற்பங்கள், வண்ணம் பூசியவை, தெருவில் நின்று இலவசமாகப் பார்க்கலாம். லெபு பினாங்கில் நகரத்தாரின் கோவில் வீடு, தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் அங்கிருந்துதான் கிளம்புகிறது. தெருக்கலை என்றால் பெயிண்ட் டப்பாவோடு வருவது மட்டுமா? வாசலில் போடும் கோலம், பூக்கடையில் மாலை கட்டுகிற கை, ரதம் போகிற ராத்திரியில் தெரு முழுக்க உடைக்கிற தேங்காய், எல்லாம் இந்தத் தெருவின் கலைதான்.

நாசி கண்டாரையும் இதில் சேர்ப்பேன். கண்டார் என்றால் தோளில் காவடிபோல் சுமக்கும் தடி. ஒரு பக்கம் சோறு, இன்னொரு பக்கம் கறி, தமிழ் முஸ்லிம்கள் துறைமுகத்துக்குச் சுமந்துபோய்க் கூலிக்காரர்களுக்கு விற்றார்கள். பினாங்கு என்றதும் எல்லாரும் சொல்கிற சாப்பாடு அது, சுமந்தவர்கள் நம் ஆட்கள். என் தாத்தாவும் அவர்களிடம் வாங்கித் தின்றவர்தான்.

அந்த வீடுகளில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், முன்புபோல இல்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் குடும்பங்கள் இருந்தன. 2000 தொடக்கத்தில் அந்தப் பாதுகாப்பு போனது, வாடகை ஏறியது, நிறையப் பேர் ஆயர் ஈத்தாம், பாயான் பாரு என்று நகர்ந்துவிட்டார்கள். எங்கள் வீடும் அப்படித்தான் மாறியது. அப்புறம் பாரம்பரியப் பட்டம் வந்தது, ஹோட்டல் வந்தது, காபிக்கடை வந்தது. சுவரில் பிள்ளைகள் விளையாடும்போது தெருவில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

ஆகவே மிச்சம் இருக்கிறவர்களை மதித்து நடங்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்காதீர்கள், யாரோ உள்ளே பசியாறிக்கொண்டிருப்பார். அஞ்சடியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள், "அங்கிள், படம் எடுக்கலாமா?" என்றாலே போதும், முக்கால்வாசிப் பேர் சிரிப்பார்கள். ஜெட்டிக் குடியிருப்புகளில் இன்னும் கவனம், அங்கே நடைபாதையும் வீட்டு வாசலும் ஒன்றுதான்.

தாத்தா பாட்டி, சக்கர நாற்காலி, குழந்தை வண்டி?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கஷ்டம். அஞ்சடி கடைக்குக் கடை உயரம் மாறும், படிகள் உண்டு, தெருவோரத்தில் சாக்கடை உண்டு. ஆர்மேனியன் தெருப் பக்கம் பரவாயில்லை. மீதிக்கு பெச்சா, அதாவது மிதிக்கிற ரிக்‌ஷா, வைத்துக்கொள்ளுங்கள், ஏறும் முன்னால் விலை பேசிவிடுங்கள். பெச்சா ஓட்டும் பெரியவர்களுக்கு எந்தப் படம் எங்கே என்று வரைபடத்தைவிட நன்றாகத் தெரியும்.

கார் எங்கே நிறுத்துவது?

உள்ளே கொண்டுவராதீர்கள். தெருவில் நிறுத்தினால் கைப்பேசிச் செயலியில் கட்டணம் கட்ட வேண்டும், இடமும் கிடைக்காது. காம்தார் கோபுரக் கட்டடத்துப் பக்கம் எங்காவது விட்டுவிட்டு கேட் பஸ்ஸில் ஏறுங்கள், ஊருக்குள் சுற்றிவரும் இலவச பஸ் அது, ஜெட்டிக்கும் வரும்.

எடுத்த படத்தை டி-சட்டையில் அச்சடித்து விற்கலாமா?

உங்கள் ஆல்பத்துக்கு, முகநூலுக்கு என்றால் தாராளமாக. வியாபாரம் என்றால் ஓவியரைக் கேளுங்கள். தெருவில் நிரந்தரமாக இருக்கும் கலைப்படைப்பைப் படம் எடுப்பதற்கு மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, அதற்காகப் படம் ஊர்ச் சொத்தாகிவிடாது. சைக்கிள் பிள்ளைகளை வரைந்தவர் 2025-ல் ஒரு விமான நிறுவனத்தின்மேல் வழக்கே போட்டார், தன்னைக் கேட்காமல் விமானத்தின்மேல் அந்தப் படத்தைப் போட்டதாக. சட்டம் எப்படி இருந்தாலும் என் எண்ணம் எளிது: அவர் நமக்கு இலவசமாகப் பார்க்கக் கொடுத்தார், அதை வைத்து நாம் காசு பார்ப்பதென்றால் ஒரு வார்த்தை கேட்கத்தான் வேண்டும். நினைவுக்கு ஏதாவது வாங்க வேண்டுமானால் இங்கே உள்ள ஓவியர்கள் தாங்களே வரைந்து விற்கும் அஞ்சலட்டை வாங்குங்கள்.

நானும் ஒரு சுவரில் வரையலாமா?

வீட்டுக்காரர் சரி என்றால் மட்டும் போதாது. பாரம்பரிய வட்டாரத்துக்குள், அதாவது மையப் பகுதியும் சுற்றுப் பகுதியும் சேர்ந்த 259.42 ஹெக்டேருக்குள், பினாங்கு தீவு மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். 2012-க்குப் பிறகு கண்ட கண்ட சுவரில் எல்லாம் கரடியும் கார்ட்டூனும் வர ஆரம்பித்தன, தெருவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதனால் கட்டுப்பாடு நல்லதுதான் என்பேன். ஆனால் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் யாராவது கடைத்தெருப் பக்கம் முறையாக அனுமதி வாங்கி, மாலை கட்டுகிற அம்மாவையோ மசாலா அரைக்கிற பாயையோ வரைய வேண்டும் என்று வந்தால், ஏணி பிடிக்க நான் வருகிறேன்.

ஹின் பஸ் டிப்போ என்கிறார்களே, போகலாமா?

போகலாம். ஜாலான் குர்துவாராவில் பழைய பஸ் டிப்போ, 2014-ல் ஸக்காரெவிச்சின் கண்காட்சியோடு கலைக்கூடமாகத் திறந்தது. உள்ளே போகக் காசில்லை, கூரையில்லாத முற்றத்தைச் சுற்றிலும் சுவர் முழுக்க ஓவியம். ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடும். நான் சொன்ன நடைவழியிலிருந்து தள்ளி இருப்பதால் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

கோலாலம்பூரில் இப்படி இல்லையா?

பெட்டாலிங் தெருப் பக்கம் குவாய் சாய் ஹோங் என்ற சந்து 2019-ல் திறந்தது, 1960-களின் சீனத்தெரு வாழ்க்கையை வரைந்திருக்கிறார்கள், இதுவும் இலவசம். அழகாக இருக்கிறது. ஆனால் ஒரே சந்தில் எல்லாம் முடிந்துவிடும், இங்கேபோலத் தேடித் தேடி நடக்க முடியாது.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, எதை மட்டும் பார்ப்பது?

ஆர்மேனியன் தெருவில் பத்து நிமிஷம், சூ ஹோங் சந்துக் கம்பி ரிக்‌ஷாவுக்கு ஐந்து நிமிஷம், கேனன் தெருவின் பீரங்கிக் குழிச் சிற்பத்துக்கு ஐந்து. பிறகு வேகமாகப் பள்ளிவாசல் வழியாகக் கடைத்தெருவுக்கு வந்து, எந்தக் கடையிலாவது ஒரு தே தாரே (ஆற்றிய பால் தேநீர்) சொல்லிவிட்டு, அங்கே உட்கார்ந்திருக்கும் வயசானவர் ஒருவரிடம் படகுக்காரத் தெரு எது என்று கேளுங்கள். கையை நீட்டிக் காட்டுவார், அப்புறம் பேச ஆரம்பிப்பார். பெரியைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, அடுத்தது வரும்.